வளைவில் சாயும் வண்டி

கார் இருக்கும் வீடுகளில் அந்தக் காருக்கு இரண்டு எஜமானர்கள் உண்டு. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர் ஒருவர். பின் ஸீட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையின் தோளையும் இன்னொரு கையால் ஜன்னலுக்கு மேலுள்ள கைப்பிடியையும் பிடித்துக்கொண்டிருப்பவர் மற்றொருவர். ரோடு எப்படி இருக்கிறது என்று முன்னவருக்குத் தெரியும். வண்டி எப்படி இருக்கிறது என்பது பின்னவருக்குத்தான் நன்றாகத் தெரியும்!

காரணம் இருக்கிறது. ஓட்டுகிறவர் வளைவை முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். அவர் உடம்பு தானாகவே அதற்குத் தயாராகிவிடுகிறது. பிடித்துக்கொள்ள ஸ்டீரிங் சக்கரமும் இருக்கிறது. பின் ஸீட்டுக்காரருக்கு இந்தச் சௌகரியம் ஒன்றும் கிடையாது. வண்டி சாய்ந்தால் அவரும் சாய வேண்டியதுதான். அதனால்தான், "என்ன, வண்டி இப்படிச் சாய்கிறதே!" என்ற கேள்வி எப்போதும் பின்னாலிருந்தே வருகிறது. "உனக்கு எதற்கெடுத்தாலும் பயம்" என்ற பதில் முன்னாலிருந்து வருகிறது.

சகோதரிகளே, அந்தப் பதிலை அப்படியே ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். முக்கியமாக, வாங்கியபோது ஒழுங்காக இருந்த வண்டி, பட்டறையில் சில 'திருத்தங்கள்' செய்துகொண்டு வந்த பிறகு சாய ஆரம்பித்திருந்தால், உங்கள் பயத்துக்குத் தக்க காரணம் இருக்கலாம். இப்போது ஸ்டீரிங்கைப் பிடிப்பவர்களே உங்களில் ஏராளமானவர்கள். உங்களுக்கும் இந்த விஷயம் பயன்படும்.

திருத்தங்கள் பல தினுசு. வேகத் தடையில் வண்டியின் அடிவயிறு உரசுகிறது என்று, ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே ரப்பர் துண்டுகளைச் செருகி வண்டியை உயர்த்துகிறவர்கள் உண்டு. கம்பீரமாக இருக்கட்டும் என்று பெரிய டயர்களை மாட்டுகிறவர்கள் உண்டு. பந்தயக் கார் மாதிரி தரையோடு ஒட்டி நிற்க வேண்டும் என்று, ஸ்பிரிங்கில் ஒரு சுற்று ஒன்றரைச் சுற்றை அறுத்து எறிகிற பிள்ளைகளும் உண்டு. கூரைமேல் காரியர் போட்டு, கோடை விடுமுறைக்குப் போகும்போது வீட்டில் பாதியை அதில் ஏற்றுகிற அப்பாக்களைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வளைவில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஏன் சாய்கிறது?

பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இது தெரிந்த பாடம். பஸ் வலப்பக்கம் திரும்பினால் நாம் இடப்பக்கம் சாய்கிறோம். காருக்கும் அதே கதி. டயர்களைத் தரை பிடித்துத் திருப்புகிறது. ஸ்பிரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் உடலோ, போன திசையிலேயே போகப் பார்க்கிறது. ஆகவே வளைவின் வெளிப்பக்கமாகச் சாய்கிறது.

எவ்வளவு பலமாக என்று கணக்குப் பார்க்கலாம். 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. அதில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வண்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலம் அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அதே வளைவில் 54 கிலோமீட்டரில் போனால், எடையில் முக்கால் பங்கு! வேகம் கூடியது ஒன்றரை மடங்கு. தள்ளும் பலம் கூடியது இரண்டே கால் மடங்கு. சாதாரணக் காரின் டயர் தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம். ஆகையால் சாய்வுக்கு முதல் மருந்து, காசே செலவில்லாத மருந்து, ஓட்டுகிறவரின் வலது காலில் இருக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நுழைந்தால் பாதி வியாதி தீர்ந்தது. மலைப்பாதையில் பின் ஸீட்டுக்காரருக்கு வயிற்றைப் புரட்டுவதும் பாதிக்குமேல் நின்றுவிடும்.

மீதிப் பாதி, வண்டியில் இருக்கிறது. அதை இரண்டு சொற்களில் புரிந்துகொள்ளலாம்: எடை மையம், சாய்வு மையம். வண்டியின் கனம் முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாக நினைத்துக்கொண்டால், அது எடை மையம். வண்டியின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அது சாய்வு மையம். பெரும்பாலும் இது தாழ்வாக இருக்கும். எடை மையம் அதற்கு மேலே இருக்கும். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் கடப்பாரை. கடப்பாரை நீளமாக இருந்தால் சின்னப் பையன்கூடப் பெரிய கல்லைப் புரட்டிவிடுவான் அல்லவா? அந்த மாதிரி, இந்தத் தூரம் நீளமாக ஆக, அதே வளைவு வண்டியை அதிகமாகச் சாய்க்கிறது.

இரண்டு சக்கரங்களும் ஒரே நீள அச்சில் கோத்திருக்கும் ஜீப் ஜாதி வண்டியை நீளமான ஸ்பிரிங் போட்டு உயர்த்தினால், எடை மையம் மேலே போய்விடுகிறது. சாய்வு மையம் அச்சோடு அச்சாகக் கீழேயே நிற்கிறது. கடப்பாரை நீண்டுவிட்டது! வண்டி படகாக ஆடுகிறது.

'அப்படியானால் தாழ்த்திவிட்டால் சரியாகிவிடுமே' என்று தோன்றும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் 'மாக்ஃபர்ஸன் ஸ்ட்ரட்' என்ற அமைப்பில் இருக்கிறது. அதில் சாய்வு மையம் எங்கே இருக்கும் என்பதைச் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் சரிவுதான் முக்கியமாகத் தீர்மானிக்கிறது. வண்டியைத் தாழ்த்தினால் அந்தக் கையின் சரிவு மாறி, எடை மையம் இறங்கியதைவிடச் சாய்வு மையம் அதிகமாக இறங்கிவிடுகிறது. தாழ்ந்த வண்டியிலும் கடப்பாரை நீண்டுவிடுகிறது! பணம் செலவழித்துத் தாழ்த்திய பிள்ளை, "முன்னைவிடச் சாய்கிறதே" என்று தலையைச் சொறிவது இதனால்தான். போதாக்குறைக்கு, தாழ்ந்த வண்டி சாயும்போது ரப்பர் முட்டில் சீக்கிரம் போய் இடித்துக்கொள்கிறது. அதுவரை மெத்தென்று இருந்த ஸ்பிரிங் ஒரே நொடியில் கட்டையாகிவிடுகிறது. வளைவின் நடுவே இப்படி நேர்ந்தால் டயரின் பிடி விட்டுப்போகலாம்.

சாய்வது வேறு, கவிழ்வது வேறு

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிரான்ஸ் தேசத்துக் கம்பெனி ஒன்று 1948 முதல் 1990 வரை உற்பத்தி செய்த ஸிட்ரோயன் 2ஸிவி என்ற சின்னக் காரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். குடை மாதிரி கூரையும் தவளைக் கண்களுமாக இருக்கும். வளைவில் அது சாய்வதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரும் கூச்சல் போடுவார். ஆனால் அதன் கனமெல்லாம் தரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆகையால் சாயுமே தவிர, லேசில் கவிழாது.

கவிழ்வதற்குக் கணக்கு வேறு. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவேயுள்ள அகலத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எடை மையத்தின் உயரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அகலம் 1,400 மில்லிமீட்டர், உயரம் 600 என்றால், 700-ஐ 600-ஆல் வகுக்க, விடை சுமார் 1.17. எடை மையத்தை 60 மில்லிமீட்டர் உயர்த்தினால் விடை 1.06 ஆகக் குறைகிறது. எண் குறையக் குறைய, கவிழும் அபாயம் கூடுகிறது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு இலாகா, கார்கள் கவிழும் அபாயத்துக்கு மதிப்பெண் போட 2001-ல் எடுத்துக்கொண்டது இந்த எண்ணைத்தான்.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே வந்தது? வரவே இல்லை! உயர்த்திய வண்டிக்கு இரும்பு மாதிரி கெட்டி ஸ்பிரிங்கைப் போட்டுச் சாய்வை நிறுத்திவிடலாம். பின் ஸீட்டில் ஆட்டமே தெரியாது. ஆனால் கவிழும் அபாயம் அப்படியேதான் இருக்கும். சாய்வு என்பது வண்டி நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை. காரணத்தை விட்டுவிட்டு எச்சரிக்கையை மட்டும் அமுக்கினால், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை ஒளித்துவைத்த கதையாகிவிடும்.

சின்னக் கார்களில் ரப்பர் துண்டு வைத்து உயர்த்தும்போதும் இதே ஆபத்து உண்டு. சாய்வு கண்ணுக்கு அதிகமாகத் தெரியாமலே இருந்துவிடலாம். உயரம் கூடியது கூடியதுதான்.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு அல்ல. 1997 அக்டோபரில் ஸ்வீடன் தேசத்தில் ஒரு மோட்டார் பத்திரிகை, புதிதாக வந்த மெர்ஸிடிஸ் ஏ-கிளாஸ் காரைச் சோதித்தது. அந்த நாட்டுக் காடுகளில் மூஸ் என்னும் பிரம்மாண்டமான மான் திடீரென்று ரோடுக்கு வந்து நிற்கும். அதன்மேல் மோதாமல் சட்டென்று ஒதுங்கி, எதிரே வண்டி வருமுன் பழைய பாதைக்குத் திரும்ப வேண்டும். அந்தச் சோதனையில் புத்தம் புதிய ஏ-கிளாஸ் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது! உலகமெல்லாம் அந்தப் படம் பரவியது. கம்பெனி விற்பனையைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. சஸ்பென்ஷனைத் திருத்தியது. சறுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஈ.எஸ்.பி. என்ற மின்னணு அமைப்பை எல்லா ஏ-கிளாஸ் கார்களுக்கும் பொருத்திக் கொடுத்தது. அதன் பிறகே 1998-ல் மறுபடி விற்க ஆரம்பித்தது. அத்தனை என்ஜினீயர்களும் சோதனை மைதானங்களும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், ஒரு ஜாக்கியும் ஒரு சுத்தியலும் வைத்துக்கொண்டு அரை நாளில் செய்யும் மாறுதலைப் பற்றி என்ன சொல்வது?

புடவை பிழியும் சாஸ்திரம்

சாய்வைக் குறைப்பதற்கென்றே காரில் ஓர் உறுப்பு இருக்கிறது. இடது சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் வலது சக்கரத்தின் சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஓர் உருக்குக் கம்பி. 'ஆன்ட்டி ரோல் பார்' என்பது புத்தகப் பெயர். மெக்கானிக்குகள் 'ஸ்டெபிலைசர்' என்பார்கள்.

இதன் வேலை உங்களுக்குப் புதிதல்ல. நனைந்த புடவையை இரண்டு பேர் இரண்டு முனையிலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் ஒரே பக்கம் சுழன்றால் புடவை சும்மா உருளும், தண்ணீர் வராது. ஒரு முனை ஒரு பக்கமும் மறு முனை எதிர்ப்பக்கமும் சுழன்றால்தான் முறுக்கு ஏறும். கையை எதிர்த்துத் தள்ளும். இந்தக் கம்பியும் அப்படியே. வேகத் தடையில் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து ஏறினால், கம்பி சும்மா திரும்பிக் கொடுக்கும். வளைவில் ஒரு பக்கம் அமுங்கி மறு பக்கம் எழும்பினால், கம்பி முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். சாய்வு குறையும்.

கம்பியின் கனம் சிறிது கூடினாலும் பலன் நிறையக் கூடும். 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் அதே நீளத்தில் 22 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால், முறுக்கை எதிர்க்கும் பலம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 24 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மடங்கு! 'அப்படியானால் 30 போடலாமே' என்று ஆசைப்படக்கூடாது. கம்பி தடித்தால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது மறு சக்கரத்தையும் சேர்த்து இழுக்கும். ஒவ்வொரு குழியிலும் நம் தலை இடமும் வலமும் ஆடும். இன்னொன்றும் உண்டு. முன்பக்கக் கம்பியை மட்டும் தடிமனாக்கினால், வளைவில் முன் டயர்கள் முதலில் களைத்து, வண்டி வெளியே விலகிப் போகும். பின்பக்கத்தை மட்டும் தடிமனாக்கினால், வால் வெளியே வீசும். மழையில் நனைந்த மலைப்பாதையில் வால் வீசுவது மிகவும் பொல்லாதது. ஆகவே எதையும் அளவோடு, ஒரு தடவைக்கு ஒரு மாறுதலாகச் செய்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றியும் ஒரு தப்பான எண்ணம் பரவியிருக்கிறது. புது ஷாக் போட்டால் சாய்வு போய்விடும் என்பார்கள். ஆபீஸ் கதவைத் தள்ளிவிட்டால் அது மெள்ளத் தானாக மூடிக்கொள்கிறதே, அதற்கு மேலே இருக்கும் குழாயின் வேலைதான் ஷாக்கின் வேலையும். கதவு எவ்வளவு மெதுவாக மூட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும், மூடாமல் தடுக்காது. நீண்ட வளைவில் வண்டி எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் கம்பியும்தான் நிர்ணயிக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் சாயும், நிமிர்ந்த பிறகு எத்தனை தடவை ஊஞ்சலாடும் என்பது ஷாக்கின் பொறுப்பு. பழுதான ஷாக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதையே சர்வரோக நிவாரணியாக நினைக்கக்கூடாது.

வைத்தியத்துக்கும் வரிசை உண்டு

இனி என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் அதற்கு நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் அதிகமாக வித்தியாசப்பட்டால் ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பிறகு வண்டியின் ஒவ்வொரு மூலையையும் கையால் நன்றாக அமுக்கி விட்டுப் பாருங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கிவிட வேண்டும். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் போய்விட்டது. சின்ன மேடுபள்ளங்களில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால், கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் தேய்ந்திருக்கலாம். லிங்க்கும் ரப்பர் புஷ்ஷும் சொற்ப விலைச் சாமான்கள். அவை தேய்ந்தால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பட்டறைக்குப் போகும்போது இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உயரம். செருகிய ரப்பர் துண்டுகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். கூரைமேல் இருக்கும் கனத்தை இறக்குங்கள். டயரின் அளவும் காற்றும் கம்பெனி சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அந்த விவரம் ஒட்டப்பட்டிருக்கும்.

இரண்டாவது, தேய்ந்தவற்றை மாற்றுவது. லிங்க், புஷ், ஷாக் எல்லாம் இதில் அடக்கம்.

மூன்றாவது, கம்பி மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. சிரிக்காதீர்கள்! கரடுமுரடான காட்டுப் பாதையில் சக்கரங்கள் தாராளமாக ஏறி இறங்க வேண்டும் என்று ஜீப்பில் அதைக் கழற்றி வைப்பதுண்டு. தார் ரோடுக்கு வந்ததும் மறுபடி மாட்டியாக வேண்டும். உயரம் மாறிய வண்டியானால் லிங்க்கின் நீளமும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும்.

நான்காவது, அறுத்த ஸ்பிரிங்கைத் தூர எறிந்துவிட்டு, அந்த வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங்கை ஜோடியாகப் போடுவது. அறுத்த ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தன் இருக்கையை விட்டே நழுவக்கூடும். தாழ்த்திய காரைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தால் சாய்வு மையமும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு சாய்வு மிஞ்சினால்தான் தடித்த கம்பியைப் பற்றியும், கெட்டி ஸ்பிரிங்கைப் பற்றியும் யோசிக்க வேண்டும். எதைச் செய்தாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

சட்டமும் இந்த வரிசைக்குத் துணை நிற்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து என்று ஒன்று நேர்ந்தால், இன்ஷூரன்ஸ்காரர்கள் இந்த மாறுதல்களைப் பற்றித் துருவிக் கேட்கவும் கூடும்.

ஏற்காடு மலைக்குப் போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவிலும் வண்டிக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே கம்பியையும் நான்கு ஸ்பிரிங்குகளையும் நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம். ஆகையால் அடுத்த மலைப் பிரயாணத்துக்கு முறுக்கும் புளியோதரையும் தயார் செய்வதற்கு முன்னால், அளவு நாடாவோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நான்கு எண்களையும் காகிதத்தில் எழுதி மெக்கானிக்கிடம் நீங்களே கொடுங்கள். "வண்டி சாய்கிறது" என்று வெறுமனே சொன்னால் பயம் என்பார்கள். "இடது பின் சக்கரத்தில் 20 மில்லிமீட்டர் குறைகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார்!